சுற்றுச்சூழல் கல்விக் குழு: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர் விருதம்பட்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடமே இருக்கிறது.

இந்த ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நாம் மரக்கன்று நடவில்லை. சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பெயர் எழுதிக் கொடுப்பவர் இருந்தால்தான் குழி வெட்டுவது எனச் செயற்குழு முடிவு செய்தது. பெயர் வரவில்லை. எனவே மாதம் ஒரு ஞாயிறு கூடி உட்கார்ந்து பாலாற்றைப் பற்றிப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஆற்றங்கரையிலேயே குடியிருந்துகொண்டு காவிரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிறோமே, ஏன்? கேள்வி அவ்வளவுதான்.

முதல் கூட்டத்தில் ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் பேசினார். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து வரும் பாலாற்றின் நீளம் ஏறக்குறைய 348 கிலோமீட்டர். அதில் 222 தமிழ்நாட்டில். ஆறு காய்ந்து கிடக்கிறது என்று நாம் சொல்வது மேலே பார்த்துத்தான். மணலுக்குள் ஓடுவதுதான் இந்த ஆற்றின் வழக்கம் என்றார். படுகையில் ஊற்றுக்கால்வாய் வெட்டி அந்த நீரைத்தான் வயலுக்குக் கொண்டுபோனார்கள். மணலை அள்ளிவிட்டால் பானையையே தூக்கிக்கொண்டு போன மாதிரி. மழை பெய்தாலும் தங்காது. 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தோம். அவ்வளவு நீரில் நம் ஆழ்துளைக் கிணறுகளுக்குள் எவ்வளவு இறங்கியது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அதிகக் கூட்டம் வந்தது தீர்ப்பு படித்த நாளில்தான். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்றெல்லாம் அதில் வருகிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். கெடுதலுக்கு முழு நிரூபணம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இந்த இரண்டும் இந்த நாட்டின் சட்டம்தான் என்று அழுத்தமாகச் சொன்னது அந்தத் தீர்ப்பு. இன்றைக்கும் நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் வேலூர் பெயர் அடிபடுவது இதனால்தான். நாம் கோட்டையையும் முள்ளுக் கத்தரிக்காயையும் சொல்லிப் பெருமைப்படுகிறோம், இதைச் சொல்வதில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடுவில் நடந்ததையும் நடக்காததையும் ஊகித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு ஓர் அம்மா எழுந்து, "ஷாப்பை மூடிட்டா எங்க வீட்ல அடுப்பு எரியுமா?" என்று கேட்டார். ஷாப் என்று இங்கே சொல்வது தோல் தொழிற்சாலையை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற குடும்பம். யாரும் சட்டென்று பதில் சொல்லவில்லை. பச்சைத் தோலில் அப்பியிருக்கும் உப்பை நனைப்பதற்கு முன்பே உதறி எடுத்தால் கழிவுநீரில் உப்பு குறையும், அதற்கு ஷாப்பை மூட வேண்டியதில்லை என்று பொறியாளர் சொன்னார். பாதிப் பதில்தான். ஆனால் அந்த அம்மா கேட்டதை நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினோம். வீடு வீடாகப் போய் போர் தண்ணீரை அளந்தோம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டரில் சின்ன எண் வந்தால் நல்ல தண்ணீர் என்று நம்பிவிடக் கூடாது. அது உப்பின் மொத்த அளவை மட்டும் காட்டும். குரோமியத்தையோ கிருமியையோ காட்டாது. அதேபோல் தோல் பதனிடும் குரோமியமும், ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருப்பதும் ஒன்றல்ல. பின்னதில் உள்ள, ஆறு இணைதிறன் (Cr-6) குரோமியம் என்ற நச்சு வடிவம்தான் புற்றுநோய் வரை கொண்டுபோவது. இந்த வித்தியாசம் புரிந்த பிறகு பேச்சில் பயம் குறைந்து கேள்விகள் கூடின.

மே மாதக் கூட்டம் வெயிலைப் பற்றி. சமுதாய நலச் செவிலியர் ஒருவர் வந்து உப்புச் சர்க்கரைக் கரைசல், சிறுநீரின் நிறம் பற்றியெல்லாம் சொன்னார். அவர் போன பிறகுதான் நல்ல பேச்சு நடந்தது. பீடி சுற்றுகிற பெண்கள், தூள் பறக்கும் என்பதால் ஃபேனே போடுவதில்லை என்றார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஃபேன் இல்லை, வெளியே நாற்பதைத் தாண்டிய வெயில். சுற்றுச்சூழலும் உடல்நலமும் வேறு வேறு என்று நினைத்தவர்கள் அந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சில வீடுகளுக்கு உதவினோம், கணக்கு பொருளாளரிடம்.

நாகநதிப் பக்கம் ஒருமுறை போய் வந்தோம். நூறு நாள் வேலைப் பெண்கள் ஓடைப் படுகையில் உறை இறக்கிக் கட்டிய செறிவூட்டும் கிணறுகளைப் பார்த்தோம். மழைநீர் ஓடிப் போகாமல் உள்ளே இறங்குகிறது. நம் தெருவிலும் ஒன்று கட்டலாமா என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. இடம் யார் தருவது என்ற இடத்தில் நிற்கிறது.

குப்பை பிரிப்பது பற்றி அறிக்கையில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சில தெருக்கள் பிரிக்கின்றன, சில பிரிப்பதில்லை. தெரு எது என்று எல்லாருக்கும் தெரியும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். போர் உள்ள வீட்டார் ஆடிக்கு ஒருமுறை, தைக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து பொதுநோட்டில் எழுத அனுமதிக்க வேண்டும். பொட்டாசியம், நைட்ரேட், குரோமியம் எல்லாம் சேர்த்து ஆய்வகத்தில் நீர் சோதிக்கச் சந்தாவோடு கூடுதலாக ஒரு சிறு தொகை தர வேண்டும். எவ்வளவு என்று இன்றே பேசி முடித்துவிடலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்