ஆய்வு நூலகர் அம்மாவுக்கு நன்றி

பழைய ஆங்கிலேயக் கடிதங்களின் தேதிக் குழப்பத்தைத் தீர்த்துவைத்த ஆய்வு நூலகர் அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. 1702 பிப்ரவரி என்று தேதியிட்ட கடிதம், 1702 நவம்பர் கடிதத்துக்குப் பதில் சொல்கிறதே, எப்படி? இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்றுதான். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1703 என்று சட்டென்று விளக்கினார். அப்புறம் தாளை வெளிச்சத்தில் பிடித்து, காகிதம் செய்தவர் அதற்குள் பதித்த அடையாளமான நீர்க்குறியைக் காட்டினார். அவரே வரலாற்று ஆய்வாளராம். கடிதப் போக்குவரத்தும் காகித வணிகமும் அவருடைய துறை. பிறகுதான் நூலகப் பணிக்கு வந்தாராம். பட்டியலில் ‘இதர தாள்கள்’ என்று கிடக்கும் பெட்டியை முதலில் திறக்கச் சொன்னதும் அவர்தான். நான் தேடியது அதில்தான் இருந்தது! எந்தத் தேடுபொறி இதைச் சொல்லும்? அவர் எழுதிவரும் புத்தகம் சீக்கிரம் வரட்டும், முதல் பிரதி எனக்கு.