வலையை இறக்குங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கொல்லையில் பழமரம் வைத்திருப்பவர்கள் மரத்தை வலை போட்டு மூட வேண்டும், முடியாதவர்கள் கிளைகளைக் கழித்துவிட வேண்டும் என்ற உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். ராத்திரியில் வௌவால் வருகிறது, சுவரெல்லாம் கறை, நோய் தொற்றும் என்ற பயம் என மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தீர்வில்தான் நியாயம் இல்லை.

என் வீட்டில் நிற்பது சப்போட்டா. பழுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க இதைவிடக் குழப்பமான மரம் கிடைக்காது. மாம்பழம் மஞ்சளாகும், மாதுளை சிவக்கும். சப்போட்டாவோ காயிலும் பழுப்பு நிறம், கனிந்த பிறகும் அதே பழுப்பு நிறம். ஒரே கிளையில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பறவைகளுக்கு நிறம் பார்க்கும் கண் நம்மைவிடக் கூர்மை. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளிகூடப் பல பறவைகளுக்குத் தெரியும். அவற்றைக் கூப்பிட நினைக்கும் மரம் பழத்துக்கு வண்ணம் பூசுகிறது. இருட்டில் வருபவர்களுக்கு வண்ணம் எதற்கு? மணம் போதும். பழந்தின்னி வௌவால் மோப்பத்தில் கெட்டிக்காரன். எந்தப் பழம் கனிந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிவதற்கு ஒரு ராத்திரி முன்பே அதற்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வௌவாலுக்கு வேண்டியது மரத்திலேயே கனிந்து மணக்கும் பழம். நமக்கு வேண்டியது முற்றிய காய், அவ்வளவுதான். சப்போட்டா, மா, வாழை, பப்பாளி போன்றவை பறித்த பிறகும் பழுக்கும். முற்றிய காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்குகிறது. அந்த வாயு இன்னும் அதிக எத்திலீனைத் தூண்டுகிறது. துவர்ப்பும் பாலும் குறைந்து, சதை இளகி, மணம் கிளம்புகிறது. இதற்கு மரம் தேவையில்லை, வீட்டுக்குள் ஒரு கூடை போதும். பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தை வைத்தால் இன்னும் சீக்கிரம் பழுக்கும், அந்த வாயுதான் காரணம். ஆகவே நமக்கும் வௌவாலுக்கும் ஒரே பழத்தில் போட்டி என்பதே சரியில்லை. நாம் சில நாள் முன்னால் போய்விட்டால் தகராறே கிடையாது.

முற்றியதா என்று பார்ப்பதும் கஷ்டமில்லை. மேல்தோலில் இருக்கும் பழுப்புத் துகள் கையால் தடவினால் உதிர வேண்டும். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், மஞ்சள் கலந்து தெரிந்தால் பறிக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் முற்றாது என்பதால் திரும்பத் திரும்ப மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கும். எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. போகும்போதெல்லாம் குயிலோ குக்குறுவானோ கண்ணில் படுகிறது.

அணில் மட்டும் இந்தக் கணக்கில் வராது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பொறுமை கிடையாது, பச்சைக் காயையும் கொறித்துப் போடும். கைக்கு எட்டும் கிளைகளில் துணிப்பை கட்டிவிட்டால் ஓரளவு தப்பும். ஆரஞ்சு, திராட்சை, மாதுளை வைத்திருப்பவர்களுக்கும் பைதான் வழி, ஏனென்றால் அவை பறித்த பிறகு இனிப்பேறாது. எட்டாத உச்சிக் கிளைகளை நான் அப்படியே விட்டுவிடுகிறேன். ஏணி வைத்து விழுந்து எலும்பை முறித்துக்கொள்வதற்கு அங்கே இருக்கும் பழம் ஈடாகாது.

இனி வலை. சுற்றறிக்கையோடு நீங்கள் சிபாரிசு செய்திருப்பது பெரிய கண் உள்ள மெல்லிய நைலான் வலை. வௌவாலின் சிறகு என்பது விரல் எலும்புகளுக்கு நடுவே விரிந்த மெல்லிய தோல். அது நைலான் இழையில் மாட்டினால், விடுபடத் துடிக்கத் துடிக்க இழை இன்னும் இறுகும், தோல் கிழியும். பறவையும் பாம்பும்கூட இதே மாதிரி மாட்டிச் சாகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண் முழுதாக இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். விரலை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அந்த வலை வேண்டாம். நீங்கள் அனுப்பிய மாதிரியில் என் கட்டைவிரலே நுழைகிறது.

நோய் பற்றிய பயத்தை நான் கேலி செய்யவில்லை. 1998-99இல் மலேசியாவில் நிபா பரவியபோது, பன்றிப் பண்ணைகளை ஒட்டி நின்ற பழமரங்களுக்கு வௌவால்கள் வந்தன; அவை கடித்துப் போட்ட பழங்கள் வழியாகப் பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் கிருமி போனது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே கடிபட்ட பழத்தை யாரும் தின்னக் கூடாது, ஆடு மாடுகளுக்கும் போடக் கூடாது. கீழே விழுந்ததைக் காலையிலேயே கையுறை போட்டுப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். பறித்ததைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிட வேண்டும். அணில் கடித்த பழம்தான் ருசி என்று சிறுவயதில் கேட்ட பேச்சையும் அப்படியே மறந்துவிடலாம். சுற்றறிக்கையில் இதில் ஒரு வரிகூட இல்லை. எல்லோரும் செய்யக்கூடியது இதுதானே?

சுவர்க் கறையைப் பொறுத்தவரை, சிறிய வகைப் பழந்தின்னிகள் பெரும்பாலும் பழத்தை வேறொரு மரத்துக்குக் கொண்டுபோய்த் தொங்கியபடி மென்று, சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புகின்றன. கறை விழும் இடத்துக்கு மேலே எந்தக் கிளை இருக்கிறது என்று பாருங்கள். அது நிழல்மரமாகத்தான் இருக்கும். சுவரை ஒட்டி நீளும் அந்த ஒரு கிளையைக் கழித்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்காகப் பழமரத்தை மொட்டையடிப்பது எந்த ஊர் நியாயம்?

வெறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மொரீஷியஸ் ஓர் உதாரணம். அங்கே லிச்சி, மா விவசாயிகளின் நட்டத்தைக் காரணம் காட்டி 2015, 2016 ஆண்டுகளில் அரசே பழந்தின்னி வௌவால்களைச் சுட உத்தரவிட்டது. 2018இல் அந்த இனம் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. விதை பரப்ப அந்தத் தீவுக் காடுகள் நம்பியிருக்கும் விலங்கு அது.

அடுத்த கூட்டத்தில் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு முன், ஏற்கெனவே சில வீடுகளில் கட்டியிருக்கும் வலைகளை இறக்க வேண்டும். பகலில், இலைகளை விலக்கிப் பார்த்துக்கொண்டே இறக்குவோம், நானும் வருகிறேன். ஏதாவது மாட்டியிருந்தால் யாரும் வெறுங்கையால் தொட வேண்டாம். வனவிலங்கு மீட்பாளர்களைக் கூப்பிடலாம். அவர்களின் எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
சப்போட்டா மரத்து வீட்டுக்காரர்