தோலில் கத்தி வைக்குமுன்

உவர்மலை,
திருகோணமலை.
ஐப்பசி மாதம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கு சுகம். நீயும் மருமகனும், வரப்போகும் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது, வயிறு இடிப்பதால் குனிந்து லேஸ் கட்ட முடியவில்லை என்றும், ஆகவே இரண்டு சோடி பூட்ஸையும் பக்கத்துக் கடையில் கொடுத்து வெட்டி, இழுத்து மூடும் சிப் வைக்கப் போகிறாய் என்றும் சொன்னாய். நான் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் அம்மா தொலைபேசியை வாங்கி இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டாள். நாற்பது வருடம் சப்பாத்துத் தைத்து உன்னைப் படிப்பித்தவன் இந்த விடயத்தில் அரைகுறைப் பதிலோடு நின்றுவிடுவது முறையில்லை என்பதால் எழுதுகிறேன். கறுப்புச் சோடியை யாரும் வெட்ட விடாதே. மண்ணிறச் சோடியை வெட்டலாம். ஆனால் நான் சொல்லும் இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

கறுப்புச் சோடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு லேஸ் கோக்கும் எட்டுக் கண், தடித்த மாட்டுத்தோல், அடியைச் சுற்றிவர ஒழுங்கான தையல். அவ்வளவு நல்ல சப்பாத்தை மூன்று மாத வசதிக்காகப் பிளப்பது எனக்குச் சம்மதமில்லை. துணியில் ஊசி போன இடம் துவைக்கத் துவைக்க மூடிக்கொள்ளும்; தோலில் போட்ட ஓட்டையோ போட்டபடியே கிடக்கும். உள்ளே தண்ணீர் புகாத மெல்லிய படலம் வைத்துச் செய்த சப்பாத்தென்றால், வெட்டிய அன்றோடு அந்தக் குணமும் போய்விடும். கிளாஸ்கோ மழையில் அது உனக்கு வேண்டும்.

அதற்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு ஒடுக்கமான தோல் பட்டிகளை எடுத்து, நடுவில் சிப்பை வைத்துத் தைத்து, பட்டிகளின் வெளி ஓரங்களில் சப்பாத்தின் கண்களுக்கு நேரே கண்கள் அடித்துவிட வேண்டும். இந்தத் துண்டை நாக்கின் மேல் வைத்து, இடப்பக்கத்தை ஒரு லேஸாலும் வலப்பக்கத்தை இன்னொரு லேஸாலும் சப்பாத்தோடு பின்னிவிட்டால், அதன்பிறகு லேஸை அவிழ்க்க வேண்டிய தேவையே வராது. சிப்பைத் திறந்து காலை விட்டு மூடினால் போதும். தீயணைப்புப் படையினர் அவசரத்தில் பூட்ஸ் மாட்டுவதற்குக் கையாளும் உபாயம் இது. பக்கவாட்டில் தைத்த சிப் வைத்த நாளின் அளவிலேயே நின்றுவிடும். கால் வீங்கினால் அதற்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. இந்தப் பட்டியோ லேஸில் தொங்குவதால், வீக்கம் கூடக்கூட மருமகன் லேஸைக் கொஞ்சம் இளக்கிவிடலாம், பிள்ளை பிறந்தபின் இறுக்கியும் விடலாம். உனக்குப் பிடிக்காவிட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி லேஸ் போட்டுக்கொள்ளலாம். சப்பாத்தில் ஒரு கீறலும் இராது.

மண்ணிறச் சோடி வேறு சாதி. அதில் லேஸும் இல்லை, கண்ணும் இல்லை. கெண்டைக்கால் வரை ஒரே குழாயாய் இழுத்து மாட்டுவது. அதற்குப் பட்டி கட்ட வழியில்லை, வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டக் கூடாது என்பதை நான் ஒரு பெரியவரின் சப்பாத்தைக் கெடுத்துப் படித்தேன்.

எங்கள் ஊர் வெயிலில் யார் பூட்ஸ் போடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும்: படைக்காரர், பொலிசார், பாண்ட் வாத்தியக்காரர், காவலாளிகள். துறைமுகப் பக்கம் இரவுக் காவல் பார்த்த ஒரு பெரியவருக்கு விபத்தொன்றுக்குப் பிறகு வலது முழங்கால் மடியாது. ஒவ்வொரு மாலையும் மனைவிதான் வாசற்படியில் குந்தியிருந்து அவருக்கு லேஸ் கட்டிவிடுவார். அவர் வந்து சிப் வைத்துத் தரும்படி கேட்டார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத வயது. இயந்திரத்தில் பிடிக்க என் கைக்கு வசதியாயிருந்த காரணத்தால் வெளிப்பக்கத்தில், கணுக்கால் எலும்பு முட்டும் இடத்திலேயே, அடித்தோல் வரை நேராகக் கோடு போட்டு வெட்டினேன். குதியைச் சுற்றி உள்ளே ஒரு விறைப்புத் தோல் வைத்திருப்பார்கள். அதன் ஓரமும் கத்தியோடு போயிற்று. தைத்து முடித்தபோது பார்க்க வடிவாய்த்தான் இருந்தது. மூன்று கிழமை கழித்து, மாரி மழை கொட்டிய ஒரு காலையில், வெட்டின் அடிநுனி கிழிந்து சிப்பின் பல்லெல்லாம் விரிந்து, அதைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியபடி வந்து வாங்கில் இருந்தார். ஏசவில்லை. "தம்பி, என்னைவிட இந்தச் சப்பாத்து கூட நொண்டுது" என்றார். அவருக்கு வேறு சோடி வாங்கிக் கொடுத்தேன். காசு போனதைவிட அந்தக் கட்டுக்கம்பிதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று, எனக்கு முன்பே சப்பாத்துத் தைத்துவந்த மாமா அந்தச் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே உனக்கும் சொல்கிறேன். வெட்டு உட்பக்கத்தில், கணுக்கால் எலும்புக்கும் பின்நரம்புக்கும் இடையே உள்ள பள்ளத்தில் இறங்க வேண்டும்; அங்கே எலும்பும் முட்டாது, பார்ப்பவர் கண்ணிலும் படாது. குதி விறைப்பு எங்கே முடிகிறதென்று உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்து, அதற்கு முன்னாலேயே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அடித்தோலுக்கு மேலே இரண்டு சென்ரிமீற்றர் இருக்கும்போதே வெட்டு நின்றுவிட வேண்டும். நின்ற இடத்தில், வெட்டுவதற்கு முன்பே, துளையிடும் உளியால் ஒரு சிறு வட்டத் துளை அடித்துவிட வேண்டும். கூரான நுனி நடக்க நடக்கக் கிழிந்துகொண்டே போகும். வட்டத்தில் முடிந்தால் இழுவை சுற்றிவரப் பரவிவிடும். அதற்கு மேல் குறுக்காக நாலைந்து தையல் போட்டுப் பூட்ட வேண்டும்.

தையல் நெருங்கவே கூடாது. நெருங்கத் தைத்தால் உறுதி என்று தையல்காரர் நினைப்பார்கள். தோலில் அது தபால் முத்திரைத் தாளின் ஓரம்போல் ஆகி, ஒருநாள் அந்த வரியோடு கிழிந்து வரும். மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு ஒரு தையல் வீதம், நைலோன் நூலில் இரண்டு வரி ஓடினால் காணும். சிப்புக்குப் பின்னால் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டொன்றை ஒரு பக்கம் மட்டும் தைத்து விடவேண்டும். அது இல்லாவிட்டால் சிப் உன் காலுறையைக் கடிக்கும், மழையும் நேரே உள்ளே வரும். கடைக்காரர் இந்தத் துண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் சப்பாத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடு.

அவர் என்ன இயந்திரத்தில் தைக்கிறார் என்றும் எட்டிப் பார். சாதாரணத் தையல் இயந்திரத்தின் தட்டையான மேசையில் பூட்ஸின் குழாயை விரிக்க முடியாது. நம் கடையில் நிற்கும் சிங்கர் 29கே உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் அதன் சில்லைச் சுற்றி விரலை நசித்துக்கொண்டு அழுதாயே. ஒடுங்கி நீண்ட அதன் கை சப்பாத்துக்குள்ளேயே நுழையும். தோலை அழுத்தி நகர்த்தும் பாதம் எந்தத் திசைக்கும் முழுவட்டமாய்த் திரும்பும். ஆகவே சப்பாத்தைத் திருப்பாமலே மேலே, கீழே, குறுக்கே என்று தைக்கலாம். 1957இல் ஆங்கிலேயக் கடற்படை இந்தத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபின், அதுவரை கப்பற்காரரின் சப்பாத்துகளைத் தைத்துக்கொண்டிருந்த மாமா அதைப் பழைய விலைக்கு வாங்கினார். அதைச் செய்த ஊர் கிளைட்பேங்க். நீ இப்போது இருக்கும் நகரத்துக்குப் பக்கத்தில்தான் அந்த ஊர். 1885இல் திறந்த அந்தப் பெரிய தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். ஆனாலும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். ஒருநாள் இறங்கி ஒரு படம் எடுத்து அனுப்பு. இயந்திரத்துக்கு மேலே மாட்டி வைக்கிறேன்.

சப்பாத்தில் சிப் வைப்பது புதுப் பாஷன் என்று மருமகன் பகிடி பண்ணினாராம். சிப் முதலில் பிறந்ததே சப்பாத்துக்காகத்தான் என்று அவரிடம் சொல். அமெரிக்காவில் விற்கொம்ப் ஜட்சன் என்பவர் 1893இல் உரிமம் பெற்றது சப்பாத்தைப் பூட்டும் கொக்கி வரிசைக்கு. அது அடிக்கடி கழன்று மானத்தை வாங்கியதாம். பிறகு கிடியன் சுண்ட்பாக் இப்போதுள்ள பல் வரிசையை உருவாக்கினார். ஸிப்பர் என்ற பெயரும் 1923இல் குட்ரிச் கம்பனி விற்ற றப்பர் மேற்சப்பாத்தின் பெயராகத்தான் வந்தது. சட்டைக்கும் காற்சட்டைக்கும் அது பரவலாய் ஏறியது பிறகுதான்.

எந்தச் சிப் என்று கடையில் கேட்பார்கள். பூட்டிய பல்லின் அகலம் ஏறத்தாழ எத்தனை மில்லிமீற்றரோ அதையொட்டித்தான் இலக்கம் வரும். உன் சப்பாத்துக்கு ஐந்தாம் இலக்கம் மெல்லியது, எட்டு பொருத்தம். பித்தளைப் பல் பார்க்கக் கம்பீரமாய் இருக்கும். ஆனால் இங்கே கடற்காற்றில் பித்தளைச் சிப் ஒரு வருடத்துக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடும், அலுமினியம் வெள்ளையாய்ப் பொரிந்து தலை நகராமல் நின்றுவிடும். அங்கே கடற்காற்று இல்லையே என்று நினையாதே. பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவுகிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். ஆகவே நைலோன் சுருள் சிப்பைக் கேள். அது வளைவுக்கு இசையும், துருப்பிடிக்காது. அதன் தலை மட்டும் உலோகம் என்பதால் வெளியே போய் வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மெழுகுதிரியைப் பல்லில் மேலும் கீழும் தேய்த்துவிடு.

சிப் வைத்தபின்னும் குனிய வேண்டியிருக்கும், அதையும் யோசித்தேன். சிப்பின் தலையில் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய லேஸைக் கட்டி வளையமாய் விடு. உயரமான கதிரையில் இருந்து, குடையின் வளைந்த பிடியை அந்த வளையத்தில் கொழுவி இழுத்தால் சிப் மேலே வரும். நேற்று அம்மாவை இருத்தி என் பழைய பூட்ஸில் செய்து பார்த்தோம். இரண்டாம் முறையே வந்துவிட்டது. கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்ற மான் ஒன்று, நாங்கள் குடையைத் தூக்கியதும் வெருண்டு ஓடியது. அளவைக் காலையில் எடுக்காதே. அந்திப்பட்டபின், நாள் முழுக்க நடந்த கால் வீங்கியிருக்கும்போது, நீ வழக்கமாய்ப் போடும் தடித்த காலுறையோடு அளந்து கொடு.

கறுப்புச் சோடிக்கான பட்டிகளை அங்கே வாங்க வேண்டாம். நான் தைத்து அனுப்புகிறேன். சப்பாத்தின் கண் வரிசைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எட்டுக் கண்ணும் தாளில் விழும். நான்கு வரிசைக்கும் நான்கு தாள். எது இடம், எது வலம், எது உட்பக்கம் என்று மேலே எழுது. சப்பாத்தைப் போட்டு இறுக்கிக் கட்டியபின் இரண்டு வரிசைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை மேலும் கீழும் அளந்து குறித்துவிடு. மருமகன் கட்டிவிடட்டும். தாள்களுக்குப் பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும். பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் இருபதாந் திகதி லண்டனுக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிட எனக்கு ஒரு கிழமையாவது வேண்டும், ஏனென்றால் கண்ணாடி போட்டாலும் ஊசிக்கண்ணில் நூல் கோக்க இப்போது அம்மாதான் வரவேண்டியிருக்கிறது. அவளும் ஒடியல் மா ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

இங்ஙனம்,
அன்புள்ள அப்பா