பிள்ளைகளுக்குப் பணம் எதற்கு என்று கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. "படிக்கப் போன இடத்தில் பிள்ளைகளுக்குப் பணம் எதற்கு?" என்று அதில் ஒரு வரி. உங்கள் இதழில் இப்படி ஒரு வரியை நான் எதிர்பார்க்கவில்லை.

பணம் அங்கே எப்போதும் இருந்தது. ஆடுகிற பிள்ளைகள் கைக்குத்தான் வரவில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் கோச்சாக இருந்த நிக் சேபன் வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கினார். 2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்குக் கூடைப்பந்து சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியரோ, சில இரவுகளில் பசியோடு படுப்பதாக நிருபர்களிடம் சொன்னார். முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் தன் உருவத்தையே ஒரு வீடியோ கேமில் பார்த்துவிட்டு 2009-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. டொனால்ட் டி லா ஹே என்ற பையன் யூடியூபில் சம்பாதித்தான் என்பதற்காக 2017-இல் அவனது ஆடும் தகுதியையே பறித்தார்கள். நீங்கள் அறியாததா இதெல்லாம்? தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அவர்களுக்கு 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருடத்தில் ஒரு கல்லூரி 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதிலும் பல பெரிய கல்லூரிகளில் முக்கால் பங்கு ஃபுட்பால் பையன்களுக்குத்தான்.

என் மகள் கைக்குழந்தையாக டெக்சாஸுக்கு வந்தவள். இப்போது கல்லூரி டென்னிஸ் அணியில் ஆடுகிறாள். என் எச்-1பி வேலை விசாவை ஒட்டி அவளுக்கு எச்-4 என்ற குடும்ப விசா, அதில் வேலை செய்து சம்பாதிக்க முடியாது. கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. 21 வயதானால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அதிலும் கட்டுப்பாடுதான். உள்ளூர் ராக்கெட் கடை ஒன்று அணிப் பெண்களை வைத்து விளம்பரம் எடுத்தது. தோழிகள் கையெழுத்துப் போட்டார்கள், இவள் ஓரமாக நின்றாள். விளையாட்டுத் துறையில் கேட்டால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போ என்றார்கள். அங்கே போனால் வக்கீலைப் பார் என்றார்கள். வக்கீல் கேட்ட ஃபீஸ் விளம்பரப் பணத்தைவிட அதிகம். ஆனால் அந்த வருடம் கல்லூரி அடித்த போஸ்டரில் அவள் முகம்தான் பெரிதாக இருந்தது.

பர்டூ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய கனடாக்காரர் சாக் ஈடிக்கும் இதே போன்ற விசாத் தடைதான். கென்டக்கி பல்கலைக்கழக அணியில் ஆடிய காங்கோ நாட்டுக்காரர் ஆஸ்கர் ஷீப்வே, அணியோடு பஹாமாஸ் போனபோது அமெரிக்காவுக்கு வெளியே அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். நட்சத்திரங்களுக்கு அப்படி ஒரு வழி கிடைக்கும். என் மகளுக்கு யார் விமான டிக்கெட் எடுப்பார்கள்?

ஊரிலும் இதே கதைதான். மாநில அளவில் கபடி ஆடிய என் தம்பியின் படத்தை அவன் படித்த கல்லூரி வருடக்கணக்கில் விளம்பரப் பலகையில் வைத்திருந்தது. அவனுக்கு ஒரு ஜோடி ஷூகூட வாங்கித் தரவில்லை.

பணம் வாங்கும் பிள்ளைகளும் நிம்மதியாக இல்லை. 18 வயதில் சுயதொழில் வரி கட்ட வேண்டும், அது தெரியாமல் செலவழித்துவிடுகிறார்கள். வருமானம் ஏறினால் அரசு கல்வி உதவித்தொகை குறையலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. ஜிம்முக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் கல்லூரியால், வரி, விசா, ஒப்பந்தம் மூன்றும் தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க முடியாதா?

சரி, உங்களிடம் நான் கேட்பது சிறியதுதான். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் சேரப் போகும் நம் பிள்ளைகள், இந்த மூன்றுக்கும் அங்கே யார் பொறுப்பு என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கட்டும். கூடவே கட்டுரையின் அந்த ஒரு வாக்கியத்துக்கு உங்கள் விளக்கத்தையும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டெக்சாஸ்