உள்ளங்கால் எரிச்சலை அலட்சியம் செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கூடல், ஆலங்குளம் பகுதிகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பகலெல்லாம் பீடி சுற்றும் பெண்கள் பலர், உள்ளங்கால் எரிச்சலையும் விரல்நுனி மதமதப்பையும் உட்கார்ந்தே இருப்பதால் வருவது என்று தள்ளிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். கைவிரல் மரத்துப்போக மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதும் காரணமாகலாம். ஆனால் இரு பாதங்களிலும் விரல்நுனியில் தொடங்கி மெல்ல மேலேறும் மதமதப்பும், இரவில் கூடும் எரிச்சலும் நரம்புப் பாதிப்பின் தொடக்கமாக இருக்கக்கூடும். சர்க்கரை நோயே இதற்கு முதன்மையான காரணம்; மதுப்பழக்கமும் வைட்டமின் பி12 குறைவும் உண்டு. நீண்ட காலம் மெட்பார்மின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரை உட்கொள்வோருக்கு பி12 குறையலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. அதற்காக மருத்துவரைக் கேளாமல் நரம்புச் சத்து மாத்திரை வாங்கி விழுங்குவதும் தவறு; அதிலுள்ள வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

உணர்ச்சி குன்றிய காலுக்கு நம் சீமை வெயில் பெரும்பகை. சித்திரையில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு வலம் வருபவருக்குக் கொப்புளம் எழுந்ததே தெரிவதில்லை. வெந்நீர் ஒத்தடமும் அப்படியே சுட்டுவிடும். இரவு படுக்குமுன் விரலிடுக்கு வரை பாதத்தைப் பார்த்துவிட வேண்டும்; குனிய இயலாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

10 கிராம் அளவே அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி மாத்திரை தரும் பணியாளர்கள், பீடித் தொழிலாளர் வாழும் தெருக்களில் இச்சோதனையையும் தவறாது செய்ய மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், அம்பாசமுத்திரம்