பாலாற்றுப் போராட்டப் படங்கள்: அசலை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலப்பதை எதிர்த்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் மறியல், உண்ணாவிரதம் என்றால் எத்தனையோ செல்போன்கள் படம் பிடிக்கின்றன. மைக் பிடித்தவரும் பேனரும் தெரிகிறார்கள். எதற்காகக் கூடினார்கள் என்பது தெரிவதில்லை.

வேலூர் குடிமக்கள் அமைப்பு 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பாருங்கள். தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் ஆய்வு மையம் சொன்ன கணக்கு அதில் இருக்கிறது. படமும் அதுபோல் இடத்தையும் அளவையும் சொல்ல வேண்டும்.

நுரையை மட்டும் நெருங்கி எடுத்த படம் எந்த ஆற்றுக்கும் பொருந்தும். பாலத்தூண், கோபுரம் என்று அடையாளம் தெரிய அகலமாக முதலில் ஒன்று எடுங்கள். அங்கிருந்து நகராமலே, கழிவு ஆற்றில் கலக்கும் வாயை அடுத்து எடுங்கள். பிறகு அளவு நாடா வைத்து நெருக்கத்தில் ஒன்று. மழைக்கு முன்னும் பின்னும் அதே இடம், அதே லென்ஸ் என்றால்தான் ஒப்பிட முடியும். போனில் 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸ் கிட்டத்து நுரையை மலைபோல் காட்டும். தூரத்தில் நின்று ஜூம் செய்தால் 50 பேர் பெருங்கூட்டமாகத் தெரிவார்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். கூட்டத்தை மாடியிலிருந்து எடுப்பதே நேர்மை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த நேரமும் ஜிபிஎஸ் விவரமும் போய்விடும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள். அனுப்பிய கையோடு, போனில் இடமில்லை என்று அசலை அழித்துவிடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்! 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்தில் தரும் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் ‘ஹேஷ்’ மதிப்பும் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) குறிக்க வேண்டும். ஒரு புள்ளியைத் திருத்திச் சேமித்தாலும் அது மாறிவிடும். அசலைத் தொடாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். வெளிச்சம் கூட்டுவதெல்லாம் நகலில்.

ஆலைத் தொழிலாளி முகம் வெளியானால் வேலைக்கே ஆபத்து. தோல் பதனிடும் ரசாயனமான குரோமியம் பட்டுத் தோலுரிந்த விரலிடுக்கையும் வெடித்த உள்ளங்கையையும் காட்ட முகம் எதற்கு? மறைக்க வேண்டியிருந்தால் போனின் மார்க்கர் கோடு போதாது; வெளிச்சம் கூட்டினால் அடியில் முகம் தெரியும். முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். அடையாள அட்டை, சட்டையில் உள்ள ஆலைப் பெயர் இவற்றையும் மறந்துவிடக் கூடாது.

தங்கள் நாளிதழும் ‘கோப்புப் படம்’ என்று மட்டும் போடாமல், எடுத்த தேதி, ஊர், எந்தக் கரை என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

– வாசகர், ஆம்பூர்