கடைசி வரிசையில் என்னோடு உட்கார்ந்த அக்காவுக்கு நன்றி

நாடே துக்கத்தில் இருந்த அந்த வாரம், கிறிஸ்தவள் அல்லாத நான் ஒரு தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்தேன். பெயர் தெரியாத அக்கா, நீங்கள் என் மதத்தைக் கேட்கவில்லை, படிவம் எதையும் நீட்டவில்லை. "கடவுள் ஏன் இப்படி விட்டார்?" என்று நான் அழுதபோது பதில் சொல்ல அவசரப்படவும் இல்லை. பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவிக்கும் யோபுவின் நண்பர்கள் 7 நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் அவனை நோகடித்தார்கள். தேவாலய வாசலில் வருபவர்களை வரவேற்க நிற்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் பைபிளில் லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டினீர்கள். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்துக் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார் இயேசு. இறந்தவர்கள் மேலேயே பழிபோடும் பேச்சைக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு அது பெரிய ஆறுதல். ஞாயிறு ஆராதனைக்கு வா என்று வற்புறுத்தாமல், வார நாளிலும் கதவு திறந்திருக்கும் என்று மட்டும் சொன்னீர்கள். ரொம்ப நன்றி அக்கா.